கடைசி இரண்டு குழிகள்

என்னுடைய இருபத்து நான்காவது வயதில் நான் ஒன்பது நாட்கள் செத்துக்கொண்டிருந்தேன். வேலைக்கு ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காமல், மூன்று வேளையும் ஒழுங்காகச் சாப்பிட்டுக்கொண்டு, யாரிடமும் மூச்சு விடாமல் அந்தக் காரியத்தைச் செய்தேன். எனக்கு நோய் இருப்பதைக் கண்டுபிடித்தது எந்த டாக்டரும் இல்லை, நானேதான். அதனால் இதில் கோபித்துக்கொள்ள எனக்கு வேறு ஆள் கிடையாது.

அப்போது எம்.எஸ்ஸி. உயிர்வேதியியல் முடித்துவிட்டு விழுப்புரத்தில் ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். அது நோயாளிகள் வந்து ரத்தம் கொடுக்கும் லேப் இல்லை. கல்லூரிகளில் பிஎச்.டி. செய்பவர்கள் ஐஸ் பெட்டியில் சாம்பிள் கொண்டுவருவார்கள். நாங்கள் சோதித்து எண்களாக எழுதிக் கொடுப்போம். நடத்தியவர் கல்லூரி வேலையை விட்டுவிட்டு வந்த ஒரு பேராசிரியர். அவரை நாங்கள் சார் என்று மட்டும்தான் கூப்பிடுவோம். அதிகம் பேச மாட்டார். வீடு எனக்குத் திண்டிவனம். காலையில் பஸ், மாலையில் பஸ்.

எங்கள் லேபில் முக்கால்வாசி வேலை எலைசா கிட்டுகளோடுதான். ஒரு அட்டைப் பெட்டி. உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் தட்டு. அதில் தொண்ணூற்றாறு சின்னக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த சீரத்தைச் சில சொட்டு விட வேண்டும். நாம் தேடும் நொதி அந்தச் சீரத்தில் இருந்தால் குழியின் அடியில் ஒட்டிக்கொள்ளும். பிறகு மணிக்கணக்கில் கழுவுவது, காத்திருப்பது, மறுபடி கழுவுவது. கடைசியில் மஞ்சள் நிறம் வரும். நொதி எவ்வளவு அதிகமோ மஞ்சள் அவ்வளவு அழுத்தமாக இருக்கும். அந்த மஞ்சளை ஒரு மெஷின் அளந்து எண்ணாகச் சொல்லும். அவ்வளவுதான். (இதைப் படிக்க இரண்டு வருடம் ஹாஸ்டலில் இருந்தாயா என்று அண்ணன் ஒருமுறை கேட்டான்.)

ஒரு வியாழக்கிழமை நஸ்ரீன் என்ற ஆராய்ச்சி மாணவியின் சாம்பிள்களை ஓட்ட வேண்டியிருந்தது. பக்கவாதம் வந்த முப்பத்தெட்டு நோயாளிகளின் சீரம். தேட வேண்டிய நொதிக்கு என்.எஸ்.இ. என்று பெயர். அது நரம்பு செல்களுக்குள் குடியிருப்பது. மூளைக்கு அடிபட்டால் செல் உடைந்து ரத்தத்துக்குள் வந்துவிடும். சில வகைக் கட்டிகளிலும் ஏறும்.

எல்லாவற்றையும் இரண்டிரண்டு குழியில் போட வேண்டும் என்பது முறை. ஒப்பிட்டுப் பார்க்க, அளவு முன்பே தெரிந்த திரவம் விடும் அளவுகோல் குழிகள் பதினாறு, நோயாளிகளுக்கு எழுபத்தாறு. மிச்சம் நான்கு. சாருக்குக் குழியை வீணாக்குவது பிடிக்காது. சென்னையில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், வாசலில் செருப்பை மாட்டியபடியே, இரண்டில் ஏதாவது ஒரு சாம்பிளைத் திரும்பப் போடு, மற்ற இரண்டில் ஒரு நார்மல் ஆளுடையதைப் போடு என்று சொல்லிவிட்டுப் போனார்.

லேபில் அப்போது இருந்த ஒரே நார்மல் ஆள் நான். அப்படித்தான் நினைத்தேன்.

ரத்தம் எடுத்துவிடப் பக்கத்துக் கட்டடத்தில் ஆள் உண்டு. போய்க் கேட்கச் சோம்பல். நானே இடது கையில் ரப்பரைக் கட்டி, ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, வலது கையால் ஊசியைக் குத்தி, கட்டை விரலால் சிரிஞ்சை இழுத்தேன். ரத்தம் வர மறுத்தது. பலங்கொண்ட மட்டும் இழுத்தேன். வந்த கொஞ்சத்தையும் ஊசியைக் கழற்றாமலே குழாய்க்குள் பீய்ச்சினேன். நன்றாகக் கலக்கட்டும் என்று குழாயைக் குலுக்கினேன். உறைவதற்கு நேரம் கொடுக்காமல் மெஷினில் போட்டுச் சுற்றினேன். இந்த நான்கில் ஒவ்வொன்றும் செய்யக் கூடாதது. பரீட்சையில் இதே நான்கையும் வரிசையாக எழுதி ஐந்துக்கு ஐந்து வாங்கியவள் நான்.

சீரம் வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டும். என்னுடையது ரோஸ் நிறத்தில் இருந்தது. பார்த்தேன். நமக்கு ரத்தம் நல்ல சிவப்பு என்று நினைத்துக்கொண்டு கடைசி இரண்டு குழிகளில் விட்டேன்.

மாலை நாலரை மணிக்குத் தட்டு முழுக்க மஞ்சளானது. ஓரத்தில் கடைசி இரண்டு குழிகள் மட்டும் மற்ற எதையும்விட அழுத்தமாக, கல்யாண வீட்டுக் கேசரி மாதிரி இருந்தன. எங்கோ தவறு என்று தட்டைத் திருப்பிப் பார்த்தேன். தவறு இல்லை. மெஷினில் வைத்தேன். பக்கவாதத்தில் படுத்துக் கிடந்த முப்பத்தெட்டுப் பேரையும் நான் முந்தியிருந்தேன். அளவுகோலின் உச்சியையும் தாண்டி இருந்ததால் மெஷின் எண்ணே கொடுக்கவில்லை.

பஸ்ஸுக்குக் கிளம்புவதற்கு முன் ஃபோனில் தேடினேன். முதல் பக்கத்தில் நுரையீரல் கட்டி. இரண்டாம் பக்கத்தில் மூளைக் கட்டி. மூன்றாம் பக்கத்துக்குப் போகத் தைரியம் வரவில்லை. நஸ்ரீனுக்கான அறிக்கையில் என் இரண்டு குழிகளையும் விட்டுவிட்டு, கிட்டில் இருந்த விளக்கத்தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்பவர் வழக்கம்போல ஜன்னலோரம் நீட்டினார். வாங்கினேன். இன்னும் எத்தனை தடவை வாங்குவோமோ என்று நினைத்துக்கொண்டே ஒன்று விடாமல் தின்றேன்.

டாக்டரிடம் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். நான் பதினொன்றாம் வகுப்பு படிக்கும்போது அப்பா நுரையீரலில் கட்டி வந்து இறந்தார். நான்கு மாதம். சத்துணவில் சமையல் வேலை பார்த்த அம்மா, தினமும் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு மத்தியான பஸ்ஸில் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போவாள். ஒரு நீலப் பை, ஒரு ஃபிளாஸ்க். அந்த நான்கு மாதத்தில் அவள் எங்கள் எதிரில் ஒருமுறைகூட அழவில்லை. அப்பா போன பிறகு பையைப் பரணில் போட்டாள். அதை மறுபடி இறக்க வைக்க என்னால் முடியாது என்று தோன்றியது. முடிந்தவரை நாளைத் தள்ளிப்போடுவோம், தானாகத் தெரியும்போது தெரியட்டும் என்று முடிவு செய்தேன். இருபத்து நாலு வயதில் எடுக்கும் முடிவுகள் அப்படித்தான் இருக்கும். கேட்பதற்குத் தியாகம் மாதிரியும் இருக்கும், மூளை இருப்பதாகவும் தெரியாது.

ஆனால் சும்மாவும் இருக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை மாலை பஸ்ஸை விட்டு இறங்கி நேராக எங்கள் சர்ச்சுக்கு, பங்குக் கோயிலுக்குப் போனேன். வாசலில் ஒரு மரப்பெட்டி உண்டு. வேண்டுதலைச் சீட்டில் எழுதிப் போட்டால் ஞாயிறு பூசையில் ஃபாதருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் வாசிப்பார், சபை முழுவதும் வேண்டிக்கொள்ளும். கைப்பையில் வேறு தாள் இல்லை. லேபில் எந்தக் குழியில் யாருடைய சாம்பிள் என்று குறித்துக்கொள்ள, வட்டம் வட்டமாக அச்சடித்த தாள் ஒன்று வைத்திருப்போம். டிபன் பாக்ஸைச் சுற்றியிருந்த வியாழக்கிழமைத் தாளில் ஒரு மூலையைக் கிழித்து, பின்பக்கம் எழுதினேன்.

'இருபத்து நான்கு வயதுப் பெண். தலையிலோ நுரையீரலிலோ கட்டி. வீட்டில் யாருக்கும் தெரியாது. அவளுடைய தாய்க்கு மனத்திடன் கிடைக்க வேண்டிக்கொள்ளவும்.'

கையெழுத்து தெரியாமலிருக்கப் பெரிய எழுத்தாக, கோணலாக எழுதினேன். பெயர் போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை. அம்மா, அண்ணன் சேவியர், நான் மூவரும் வழக்கமான இடத்தில். அண்ணன் லோடு வண்டி ஓட்டுபவன், பூசையில் பாதி தூக்கத்தில்தான் இருப்பான். உபதேசியார் சீட்டுகளை ஒவ்வொன்றாக வாசித்தார். பேரனுக்கு வேலை, பசுவுக்குச் சுகம், மழை. பிறகு என்னுடையது. 'தலையிலோ' என்று வாசித்துவிட்டு நிறுத்தினார். சீட்டைக் கண்ணருகே கொண்டுபோனார். 'நுரையீரலிலோ' என்று முடித்தார். கடைசி வரியை வாசிக்கும்போது அவர் குரலே கொஞ்சம் இறங்கிவிட்டது.

எனக்குப் பக்கத்தில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. அம்மா அழுதுகொண்டிருந்தாள். அப்பாவின் அடக்கத்தில்கூட அழாத அம்மா, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

"யாரு பெத்த புள்ளையோ," என்றாள். "பெத்தவளுக்குத் தெரியாம மனசுல வச்சிக்கினு சுத்துது பாரு."

நான் என் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தேன். அவள் துடைத்துக்கொண்டாள்.

அத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். அன்று மாலையே அம்மா தன் அன்பியத்தைக் கூட்டினாள். அன்பியம் என்பது பங்கில் இருபது இருபத்தைந்து குடும்பம் சேர்ந்த ஜெபக் குழு. அம்மாவுடையதில் பெண்கள் ஒன்பது பேர் முறையாக வருவார்கள். அந்தப் பெண் யாரென்று கண்டுபிடிக்க வேண்டும், அவளுடைய தாய்க்குப் பக்கத்தில் ஆள் வேண்டும் என்று அம்மா சொன்னாள். நான் உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டேன். உபதேசியாரிடம் கெஞ்சிச் சீட்டையே வாங்கி வந்திருந்தார்கள். பின்பக்க வட்டங்களைப் பார்த்துவிட்டு, இது மாத்திரை அட்டைக் கணக்கு, பாவம் ஒரு நாளைக்கு இத்தனை மாத்திரை தின்கிறது என்று ஒரு பெண் சொன்னாள். மற்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள். கடைசி இரண்டு வட்டத்தில் 'ஜெ' என்று பேனாவால் எழுதியிருந்ததையும் கண்டுபிடித்தார்கள். அது அந்தப் பெண்ணின் முதலெழுத்து என்று முடிவாயிற்று.

கத்தோலிக்கப் பங்கில் ஜெ-யில் தொடங்கும் பெயருக்குப் பஞ்சமா? ஜெனிட்டா, ஜெயமேரி, ஜெரின், ஜென்சி. திங்கள் முதல் ஒவ்வொரு வீடாகப் போனார்கள். போய் நேராகக் கேட்க மாட்டார்கள். காப்பி குடித்துக்கொண்டே பெண்ணின் முகத்தை உற்றுப் பார்ப்பார்கள். ஜென்சிக்கு வெறும் சளி. அவளை மூன்று நாள் பார்த்துவிட்டு வந்தார்கள். பக்கத்து வீட்டு செல்வி அக்கா வேறு மதமானாலும் விஷயம் கேள்விப்பட்டு, பௌர்ணமிக்குத் திருவக்கரை போனபோது பேர் தெரியாத அந்தப் பெண்ணுக்காக வக்கிரகாளியம்மனுக்கும் ஒரு விளக்குப் போட்டுவிட்டு வந்தார்.

என் பெயர் ஜெசிந்தா. வீட்டில் ஜெசி. அம்மாவுக்கு என்மேல் சந்தேகமே வரவில்லை. அந்த வாரம் முழுவதும் நான் வழக்கத்தைவிட அதிகமாகச் சாப்பிட்டேன் என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

நானும் என் பங்குக்குக் கிளம்பும் ஏற்பாடுகளைச் செய்துகொண்டிருந்தேன். துணிகளை எல்லாம் துவைத்து மடித்தேன். அண்ணனிடம் போய், சின்ன வயதில் நீ என் சைக்கிளை விற்றதை நான் மன்னித்துவிட்டேன் என்றேன். இன்னா வேணும் உனக்கு, நேரா கேளு என்றான். அம்மாவுக்கு ஃபோனில் கேஸ் சிலிண்டர் பதிவு செய்யக் கற்றுக்கொடுக்க உட்கார்ந்தேன். மூன்றாவது தடவையும் தப்பாக அழுத்திவிட்டு ஃபோனை என் மடியில் வைத்தாள்.

"நீ இருக்கசொல்ல எனக்கு இன்னாத்துக்குடி இதெல்லாம்?"

அன்றைக்குத்தான் கொல்லைப்புறம் போய் அழுதேன். அதில் எந்தக் கேலியும் இல்லை, உண்மையாகவே அழுதேன்.

புதன்கிழமை மத்தியானம் நஸ்ரீன் அறிக்கை வாங்க விழுப்புரம் வந்தாள். நல்ல கவனமான பெண். எண்களை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தவள் ஓரிடத்தில் நின்றாள். இந்த இரண்டு நோயாளிகளுக்கு மட்டும் ஏன் இவ்வளவு அதிகம், சீரம் ரோஸ் நிறத்தில் இருந்ததா என்று கேட்டாள். இருந்தால் சொல்லிவிடுங்கள், அதைக் கணக்கில் சேர்க்க மாட்டேன் என்றாள். சார் தலையாட்டினார். இந்த நொதி சிவப்பணுவுக்குள்ளும் நிறைய இருக்கிறது, ரத்தம் எடுக்கும்போது சிவப்பணு உடைந்தால் அளவு தாறுமாறாக ஏறிவிடும் என்று அவளுக்கு விளக்கினார். அவளுக்கு ஏற்கெனவே தெரியும். எனக்கும் தெரிந்திருக்க வேண்டும்.



நஸ்ரீன் போனதும் சாரிடம் சொன்னேன். அவர் ஃப்ரீசரைத் திறந்து, என் பெயர் எழுதியிருந்த குழாயை எடுத்து, டியூப் லைட்டுக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். உள்ளே ரோஸ்மில்க் மாதிரி இருந்தது.

"இத பாத்துட்டாம்மா தட்டுல போட்ட?"

"ஆமா சார்."

"பாத்துட்டு இன்னா நெனச்ச?"

நல்ல ரத்தம் என்று நினைத்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. சார் குழாயை மேசைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். திட்டியிருக்கலாம். அதற்குப் பதில், ஆறு நாளாக இதை வைத்துக்கொண்டா வேலைக்கு வந்துபோனாய் என்று கேட்டார். தலையாட்டினேன். உடனே எழுந்து, பக்கத்துக் கட்டடத்துக்கு அவரே கூட்டிப் போனார். அங்கிருந்த அக்கா வலிக்காமல் ரத்தம் எடுத்தார். எங்கள் கிட்டில் ஒரு குழிகூட மிச்சமில்லை. அதனால் சென்னையில் நோயாளிகளுக்கே இந்தச் சோதனை செய்யும் ஒரு லேபுக்கு அனுப்பினார். சனிக்கிழமை வரும் என்றார்கள்.

ரத்தம் உடைந்ததுதான் காரணம் என்று எனக்குப் புரிந்தது. புரிந்தும் புதன், வியாழன், வெள்ளி மூன்று இரவும் தூங்கவில்லை. வேறு காரணமும் சேர்ந்திருந்தால்? படித்தவளுக்குப் பயப்பட எப்போதும் ஒரு காரணம் கூடுதலாகக் கிடைக்கும்.

சனிக்கிழமை மத்தியானம் ஃபோனில் அறிக்கை வந்தது. எல்லா நார்மல் மனிதர்களையும்போல நார்மல். சாருக்குக் காட்டினேன். படித்துவிட்டு, சரி, வீட்டுக்குப் போ என்றார். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் அரைக் கிலோ ஜாங்கிரி வாங்கினேன். அம்மா கேட்டால் சம்பளம் கூட்டிவிட்டார்கள் என்று பொய் சொல்ல நினைத்திருந்தேன். பஸ் முழுக்க ஜன்னலில் சாய்ந்து சிரித்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் இடம் மாறிப் போய்விட்டார்.

அதே மத்தியானம் எங்கள் வீட்டில் அன்பியம் கூடியிருந்தது எனக்குத் தெரியாது. சீட்டு மேசைமேல் கிடந்திருக்கிறது. சாப்பிட வந்த அண்ணன் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்து, வட்டம் போட்ட தாள் இங்கே எப்படி வந்தது என்று கேட்டிருக்கிறான். பிறகு அவனே சொல்லிவிட்டான். "இது ஜெசி டிபன் பாக்ஸ் சுத்திக்கினு வர்ற பேப்பராச்சே."

நான் மூன்றரை மணிக்கு ஜாங்கிரியும் கையுமாக, முகமெல்லாம் சிரிப்பாக வீட்டுக்குள் நுழைந்தேன்.

ஒன்பது பெண்கள் முழங்காலில் நின்று ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் சத்தம் நின்றது. வாசலில் லோடு வண்டியைக் கிளப்பி வைத்துக்கொண்டு அண்ணன் உட்கார்ந்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். அம்மா நடுவில் நாற்காலியில் இருந்தாள். மடியில் அந்த நீலப் பை. துடைத்து வைத்த ஃபிளாஸ்க். இரண்டு புடவை, என்னுடைய இரண்டு நைட்டி, ஒரு பிளாஸ்டிக் டம்ளர். எல்லாம் அடுக்கி, ஜிப்பை மூடி, என் வருகைக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

"கெளம்பு," என்றாள். குரல் நடுங்கவே இல்லை.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா."

"உங்கப்பாவும் இதேதான் சொன்னாரு."

நான் ஃபோனை நீட்டினேன். அறிக்கையைப் படித்துச் சொன்னேன். சிவப்பணு உடைந்தது, ரோஸ் நிறம், குழி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் விளக்கினேன். கையில் ஜாங்கிரிப் பொட்டலத்தோடு. ஒருத்தி இன்னொருத்தியிடம், மூளைக்கு ஏறிவிட்டது போலிருக்கிறது என்று கிசுகிசுத்தது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

அம்மா என்னைக் கையைப் பிடித்து வண்டியின் முன் இருக்கையில் ஏற்றினாள். ஒன்பது பெண்களும் பின்னால் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே விட்ட இடத்திலிருந்து ஜெபமாலையைத் தொடர்ந்தார்கள். பாண்டிச்சேரிக்குப் போவதற்கு முன் எங்கள் தெரு முனையில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டரம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று அண்ணன்தான் சொன்னான். அவன் வாழ்க்கையில் சொன்ன ஒரே நல்ல யோசனை என்று நான் இன்றைக்கும் ஒப்புக்கொள்கிறேன்.

டாக்டரம்மா எங்கள் வீட்டுக் காய்ச்சல், வயிற்றுவலி எல்லாம் அறிந்தவர். அறைக்குள் என்னோடு பத்துப் பெண்கள் நுழைந்ததைப் பார்த்து, யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டார். எல்லோரும் என்னைக் காட்டினார்கள். என்ன செய்கிறது என்று என்னிடம் கேட்டார். ஒன்றும் செய்யவில்லை என்றேன்.

"கட்டின்னு யாரு சொன்னது?"

"நான்தான் டாக்டர்."

"இப்போ இல்லன்னு சொல்றது?"

"அதுவும் நான்தான். ஆனா சென்னை லேப்ல..."

ஃபோனை வாங்கி அறிக்கையைப் பார்த்தார். எக்ஸ்-ரே ஏதாவது எடுத்தாயா, இருமல் உண்டா, எடை குறைந்ததா என்று வரிசையாகக் கேட்டார். எடை ஒரு கிலோ ஏறியிருந்தது. ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்தார். பிறகு, முதலில் செய்தது எந்தக் கிட், தாள் ஏதாவது இருக்கிறதா என்றார். கைப்பையிலிருந்து அந்த விளக்கத்தாளை எடுத்துக் கொடுத்தேன். ஒன்பது நாளாக மடித்து மடித்து ஓரம் கிழிந்து போயிருந்தது. அதில் இருந்த பொடி எழுத்தில் ஒரு வரி விடாமல் எனக்கு மனப்பாடம்.

டாக்டரம்மா பொடி எழுத்துக்குப் போகவே இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மேலே கொட்டை எழுத்தில் இருந்த முதல் வரியை என் அம்மாவுக்கும் ஒன்பது பெண்களுக்கும் தமிழில் வாசித்துக் காட்டினார். "ஆராய்ச்சிக்கு மட்டும். நோய் கண்டுபிடிக்கப் பயன்படுத்தக் கூடாது."

எல்லாக் கிட்டிலும் அச்சடித்திருக்கும் வரி அது. தினமும் பார்ப்பதால் கண்ணிலேயே படாமல் போய்விட்டது.

 ஜென்சி வீட்டுக்கு மூன்று நாள் போனவர்களில் ஒரு பெண், அப்படியென்றால் வெள்ளிக்கிழமை நாங்கள் இருந்த ஒருசந்தி விரதம் என்னாவது என்று கேட்டாள். அவளுக்கு ஒரு வேளைச் சோறு போன கவலை. டாக்டரம்மா அதற்கு மருந்து எழுதவில்லை. எனக்கு மட்டும் ரத்தம் ஊற ஒரு சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

அம்மா வீட்டுக்கு வந்து நீலப் பையைத் திறந்தாள். புடவைகளை எடுத்துப் பெட்டியில் வைத்தாள். ஃபிளாஸ்க்கைத் துடைத்தாள். பையைப் பரணில் போட்டாள். ஜாங்கிரியைத் தொடவில்லை. திட்டுவாள், அடிப்பாள் என்று இரண்டு நாள் காத்திருந்தேன். சோறு போடுவாள், ஆனால் பேசமாட்டாள். மூன்றாம் நாள் காலை நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது டிபன் பாக்ஸை மூடியபடியே சொன்னாள்.

"பூசையில நான் அழுதப்போ, பக்கத்துல உக்காந்துக்கினு கைக்குட்டை எடுத்துக் குடுத்தியேடி."

அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு அன்றைக்குப் பஸ் தவறியது.

எட்டு வருடமாகிறது. இப்போது நான் ஒரு ஆஸ்பத்திரி லேபில் இருக்கிறேன். ரோஸ் நிறத்தில் சீரம் வந்தால் யார் என்ன சொன்னாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். கோயில் பெட்டியில் உபதேசியார் கைப்பட ஒரு அட்டை ஒட்டியிருக்கிறார்: நோய்க்கான விண்ணப்பங்களில் பெயரும் அன்பியமும் எழுத வேண்டும், முடிந்தால் டாக்டர் சீட்டின் நகல் இணைக்க வேண்டும். அண்ணன் என்னைத் தன் சிநேகிதர்களுக்கு அறிமுகம் செய்யும்போது, என் தங்கச்சி, ஆராய்ச்சிக்கு மட்டும் என்பான். குழம்பில் உப்பு குறைவு என்று நான் சொன்னாலும் அதையேதான் சொல்வான். அம்மா இதற்கெல்லாம் சிரிப்பாள்.

ஆனால் அட்டையைப் பார்க்காமல் இன்னும் சிலர் பெயரில்லாத சீட்டு போடுகிறார்கள். உபதேசியார் ஒதுக்கி வைக்கப் பார்ப்பார். பேரு இல்லன்னா பரவால்ல, படிங்க என்று முன்வரிசையில் போய்ச் சொல்லிவிட்டு வருவது என் அம்மாதான். அவர் வாசிக்கும்போது அக்கம்பக்கத்துப் பெண்கள் கண்ணைத் துடைப்பார்கள். அம்மா அவர்களைப் பார்க்க மாட்டாள். கண்கள் காய்ந்து, அமைதியாக உட்கார்ந்திருப்பவர்களை வரிசை வரிசையாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டு வருவாள். அவள் பார்வை எங்கள் வரிசைக்கு வரும் நேரம் பார்த்து அண்ணன் தூக்கம் கலைந்து என் விலாவில் ஒரு இடி இடிப்பான்.

"அழுதுடு ஜெசி. இல்லன்னா நேரா பாண்டிச்சேரிதான்."

எனக்குச் சிரிப்பை அடக்கியதில் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அம்மா அதைப் பார்த்துத் திருப்தியாகி அடுத்த வரிசைக்குப் போவாள்.